படிக்காத பக்கத்தின் குளிர்

தவசிக்கனி அண்ணாச்சி செத்த அன்று ஒத்தவேம்பு ஊரில் ஒரு துண்டு ஐஸ் கிடையாது. முப்பது வருஷம் ஐஸ் கம்பெனி நடத்தி, சோடாக்கடைக்கும் மீன்கூடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பாளம் பாளமாக அனுப்பிய மனுஷனுக்கு இப்படி ஒரு நிலைமை வந்ததைப் பார்த்து அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சிரிக்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் செண்பகம் மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேருவாள், அவள் வந்து அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று அவர் மனைவி பேச்சித்தாய் சொல்லிவிட்டாள், வெளியே வெயிலோ நூற்றுப் பதினோரு டிகிரி. ஊரிடம் அன்றைக்கு இருந்த குளிரெல்லாம் கிளை நூலகத்துப் புதுப் புத்தகங்களில்தான் இருந்தது, அதிலும் பெரும்பகுதியை நாங்கள் ஏற்கெனவே படித்துத் தீர்த்திருந்தோம்.

இதைச் சித்திரை மாதத்துப் பார்சலிலிருந்து சொன்னால்தான் புரியும். வருஷா வருஷம் சித்திரை பிறந்து ஒரு வாரத்துக்குள் எங்கள் நூலகத்துக்குப் புதுப் புத்தகப் பார்சல் வரும். வந்ததும் நூலகர் உலகம்மை ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி, எண் போட்டு, வாசலில் தொங்கும் கரும்பலகையில் ‘கோடைக்கு ஏற்ற புதுவரவுகள்’ என்று தலைப்பிட்டு, நாவல், கவிதை, துப்பறியும் கதை, சமையல், பயணம், சிறுவர் நூல் என்று வகை பிரித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேராக, இது யாருக்கு ஆகும் என்று ஒரு வரி எழுதுவாள். ஒன்பது வருஷமாக அந்தப் பலகையை அவளைத் தவிர முழுதாகப் படித்தவர்கள் கிடையாது. நூலகத்துக்கு வருகிறவர்கள் பேப்பர் பார்க்க வருவார்கள், ஃபேனுக்குக் கீழே உட்கார வருவார்கள், மழை பெய்தால் ஒதுங்க வருவார்கள், எங்கள் ஊரில் மழையும் பெய்யாது.

அந்த வருஷம் முப்பத்தெட்டுப் புத்தகங்கள் வந்தன. உலகம்மை முதலில் கையில் எடுத்தது ‘கடைசி லெவல் கிராஸிங்’ என்ற துப்பறியும் கதை, பகல் பதினொரு மணி, கரெண்ட் இல்லை, கழுத்தில் வேர்வை ஓடுகிறது. முதல் பக்கத்தைப் படித்து முடித்தபோது பக்கத்திலிருந்து குளிர் எழுந்து அவள் முகத்தில் பட்டது, பானைத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டதுபோல இருந்தது. இரண்டாம் பக்கத்துக்கும் வந்தது. திரும்பவும் முதல் பக்கத்தைப் படித்தாள், ஒன்றும் வரவில்லை. இப்படியாக ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, யாரும் படிக்காத பக்கத்தை முதலில் படிப்பவருக்குக் குளிர் கிடைக்கும், ஒரு பக்கத்துக்கு ஒரு தடவைதான், வாய்விட்டுப் படித்தால் கேட்கிறவர்களுக்கும் கிடைக்கும் என்று மூன்று வரியில் பலகையின் அடியில் எழுதிவிட்டு, அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் கரெண்ட் போகிறது என்று கேட்டு இத்தனை வருஷத்தில் எங்களுக்குப் பதில் வந்ததில்லை, புத்தகத்திடம் கேட்டு மட்டும் வந்துவிடுமா என்று விட்டுவிட்டோம். அதைவிட அவசரமான கேள்வி யாருக்கு எந்தப் புத்தகம் என்பதுதான். மூன்றாம் நாளே நூலக வாசலில் வரிசை நின்றது, உலகம்மை ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று விதி போட்டாள், படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்து மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதுவரை கிடைக்காத மரியாதை கிடைத்தது. சும்மா கண்ணை ஓட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. என்ன படித்தோம் என்று தெரிந்தால்தான் குளிரும் என்பது புரிந்ததும், ஊரே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தது.

எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி குளிரவில்லை. ‘பனிமலையில் பதினோரு நாள்’ என்ற பயண நூலுக்குத்தான் முதலில் அடிதடி, ஆனால் அதில் வந்தது ஆறிப்போன காபியளவு குளிர்ச்சிதான், எழுதியவர் மலைப்பக்கமே போகாமல் வீட்டிலிருந்தபடி எழுதியிருப்பார் என்று உலகம்மை சந்தேகப்பட்டாள். ‘நூறு குழம்பு, ஒரு ரசம்’ கொத்தமல்லி வாசனையோடு குளிர்ந்தது. ‘நாளை முதல் நீ வேறு ஆள்’ என்ற சுயமுன்னேற்ற நூலைப் படித்தவர்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்தது. ‘ஈரத்துணியின் நிழல்’ என்ற கவிதைத் தொகுப்பில் பக்கத்துக்கு நாலு வரிதான், ஆனால் நாலாவது வரியில் பிடரியில் ஐஸ் வைத்தமாதிரி ஆகும். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவர்கள் கவிதை கேட்டு வாங்கினார்கள், பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தினமும் காலையில் ஒரு கவிதை படித்துவிட்டுத்தான் கடை திறந்தார். போட்டித் தேர்வு வழிகாட்டி ஒன்று மட்டும் எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் தரவில்லை, அதைப் படித்தவர்களுக்கு முன்னைவிட அதிகமாக வேர்த்தது.

உலகம்மையின் பலகை இப்போது ஊரின் மிக முக்கியமான இடமாகிவிட்டது. குழந்தை பெற்றவளுக்கு ‘ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துவலி’, மெல்லிசான குளிர், பிள்ளைக்குச் சளி பிடிக்காது. வெயிலில் ரோடு போடுகிறவர்களுக்குத் துப்பறியும் கதை, அத்தியாயக் கடைசியில் நன்றாகக் குளிரும். கோபக்காரர்களுக்குக் கட்டுரை. இப்படி அவள் எழுதியதை ஜனங்கள் டாக்டர் சீட்டைப்போல மனப்பாடம் செய்துகொண்டு வந்து கேட்டார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சுடலைமணி மட்டும் விதியை மீறினார். துப்பறியும் கதையின் கடைசிப் பக்கம்தான் உள்ளதிலேயே அதிகக் குளிர் என்று கண்டுபிடித்து, யாரும் பார்க்காதபோது கடைசிப் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுவார், போதாததற்குக் கொலைகாரன் யார் என்று டீக்கடையில் சொல்லியும்விடுவார். உலகம்மை அவரைப் பதினைந்து நாளைக்கு நூலகத்துக்குள் வரக்கூடாது என்று விலக்கிவைத்தாள், அவரும் எதிர்த்துப் பேசாமல் வாசல் வேம்படியில் உட்கார்ந்துகொண்டார்.

இதிலெல்லாம் நஷ்டப்பட்டவர் தவசிக்கனி அண்ணாச்சி ஒருவர்தான். மீன்காரிகூடக் கூடையருகே ஒரு பேத்தியை உட்காரவைத்துக் கதை படிக்கச் சொன்னாள், சர்பத் கடையில் கவிதை வாசித்தார்கள், ஐஸ் கேட்க ஆளில்லை. வைகாசி பத்தாம் தேதி அவர் மிஷினை நிறுத்தினார். “கதையப் படிச்சுக் குளிருதாம், கதைய! நாளைக்குக் கதையப் படிச்சே வயிறும் நெறையும்னு சொல்லுவானுவ” என்று கம்பெனி வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் திட்டினார். அவருக்கும் புத்தகத்துக்கும் ஆகாது என்பது ஊருக்குப் புதிதல்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னால், செண்பகம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை மறைத்துப் படிக்கிறாள் என்று கண்டுபிடித்து, அவள் சேர்த்துவைத்திருந்த பதினோரு கதைப் புத்தகங்களையும் எடுத்துப்போய், ஐஸ் ஊற்றுகிற தகரப் பெட்டிகளில் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, உறையவைத்து, மறுநாள் காலையில் பதினோரு பாளங்களையும் கம்பெனி வாசலில் நிறுத்திவைத்தார். ஐஸுக்குள் அட்டைப் படம் நன்றாகத் தெரிந்தது, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. செண்பகம் பள்ளிக்கூடம் போகாமல் அந்தப் பாளங்களுக்கு எதிரே உட்கார்ந்து, அவை உருகி முடியும்வரை இருந்து, சாயங்காலம் கூழாகிப்போன காகிதத்தை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசியது, நல்லா இருக்கீங்களா, இருக்கேன், அம்மாட்ட குடுங்க என்ற அளவில்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களில் பலருக்கு அந்த நாளில் அங்கே நின்று வேடிக்கை பார்த்தது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்படிப்பட்டவர் அந்தக் கோடையில் ஒரு காரியம் செய்தார். முப்பத்தெட்டுப் புத்தகங்களில் ‘உப்பளத்து வீடு’ என்று ஒரு நாவல், தொள்ளாயிரத்து நாலு பக்கம், பலகையில் அதற்கு நேராக உலகம்மை ‘பொறுமை இருப்பவர்களுக்கு, முழுக் கோடைக்கும் வரும்’ என்று எழுதியிருந்தாள். பார்சல் வந்த முதல் வாரத்திலேயே, வரிசையும் விதியும் வருவதற்கு முன்பே, பேச்சித்தாயின் பெயரில் இருந்த உறுப்பினர் அட்டையைக் கொடுத்து யாரோ ஒரு வேலைக்காரன் மூலமாக அதை எடுத்துப்போனவர் திருப்பித் தரவில்லை. உலகம்மை மூன்று நினைவூட்டல் கார்டு போட்டாள், பதில் இல்லை. ஊருக்கு அதன் அர்த்தம் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஊரிலேயே பெரிய குளிரை யாரும் அனுபவித்துவிடக் கூடாது என்று அண்ணாச்சி பூட்டி வைத்துவிட்டார். கல்நெஞ்சக்காரர் என்றார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் கோடைச் சூறை அடித்தது. ஒரு மத்தியானம் மண்ணை வாரிக்கொண்டு வந்த காற்றில் மூன்று மின்கோபுரங்கள் சாய்ந்து நாலு தாலுகாவுக்கு மின்சாரம் நின்றது, சரிசெய்ய நாலு நாள் ஆகும் என்றார்கள், இருந்த ஜெனரேட்டர்களை ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன, சுற்றுவட்டாரத்தில் ஒரு ஐஸ் மிஷின்கூட ஓடவில்லை. அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சி சாப்பிட்ட தட்டை நகர்த்திவைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை.

செண்பகத்துக்குச் சொன்னார்கள். அவள், “நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துருவேன்மா, அப்பாவ எடுத்துராதீங்க” என்றாளாம். இருட்டிய பிறகு எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, அதனால் புதன்கிழமை பொழுது சாயும்வரை முப்பத்திரண்டு மணி நேரம் உடம்பு தாங்க வேண்டும். சவப்பெட்டிக் கடையிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வந்தது, கரெண்ட் இல்லாமல் அது வெறும் கண்ணாடிப் பெட்டியாகக் கிடந்தது. சொந்தக்காரர்களில் பெரியவர் ஒருவர் மெதுவாக, “தாயி, இந்த வெயிலுக்கு இன்னைக்கே முடிச்சிருவமே, பிள்ளைக்கு போட்டாவுல காட்டிக்கலாம்” என்று ஆரம்பித்தார். பேச்சித்தாய் அவரைப் பார்க்கவே இல்லை. “பதினாலு வருசமா மொகத்தப் பாத்துப் பேசாத பிள்ள. செத்த மொகத்தயாவது பாக்கட்டும்” என்றாள்.

யார் முதலில் சொன்னது என்று தெரியாது, அரை மணி நேரத்தில் ஊரில் யார் யார் வீட்டில் நூலகப் புத்தகம் இருந்ததோ அத்தனை பேரும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திண்டாட்டம் என்னவென்றால் எல்லாம் படித்து முடித்த புத்தகங்கள். உலகம்மை ஒவ்வொன்றாக எடுத்து, எதுவரை படித்தார்கள் என்று விசாரித்து, குளிர் மிச்சமிருக்கும் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் அறுபதுகூடத் தேறவில்லை. அப்போதுதான் பேச்சித்தாய் தலையை நிமிர்த்தி, “லைப்ரரியம்மா, அவுக கட்டிலுக்கு அடியில ஒரு தடிப் புத்தகம் கெடக்கே, அது ஆகுமா?” என்று கேட்டாள்.

‘உப்பளத்து வீடு’ வெளியே வந்தது. தொள்ளாயிரத்து நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டரை நிமிஷம், முப்பத்தேழு மணி நேரத்துக்குத் தாராளமாக வரும் என்று சுடலைமணி டிக்கெட் கணக்குப் போடுகிற வேகத்தில் சொன்னார். எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது. அவர் வஞ்சகம் அவருக்கே உதவுது பாரு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அண்ணாச்சியைக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தி, ஜன்னல்களுக்கு ஈரச் சாக்குக் கட்டி, தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு, உலகம்மை உட்கார்ந்து, சத்தமாக முதல் பக்கத்தைப் படித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் பக்கம் படித்தாள், மூன்றாம் பக்கம் படித்தாள். வேர்வைதான் வந்தது. அழுகையோடு படித்தால் வராதோ என்று ஒருத்தி கேட்டாள், பிணத்துக்கு முன்னால் வராதோ என்றார் ஒருவர். உலகம்மை ஐம்பதாம் பக்கத்தைப் பிரித்துப் படித்தாள், நூறாம் பக்கத்தைப் படித்தாள், இருநூறாம் பக்கத்தைப் படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐஸ் கம்பெனி ரசீது ஒன்று மடித்து வைத்திருந்தது. அந்தப் பக்கத்தையும் படித்தாள், ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தின் கடைசி வரியை முடித்தபோது, கிணற்றுக்குள் இறங்கினமாதிரி கூடம் முழுக்கக் குளிர்ந்தது, அவள் கண்ணாடியில் ஆவி படிந்தது, அண்ணாச்சியின் நெற்றியில் முத்து முத்தாக நீர் கோத்தது.

“படிச்சிருக்காரு” என்றாள் உலகம்மை.

பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பேசினாள். “கதவச் சாத்திக்கிட்டு இருப்பாக. உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும். ஐஸு ஒளிச்சு வச்சிருக்காக, நமக்குத் தர மனசில்லன்னு நெனச்சு நானும் கேக்கல. எட்டு நாளா அந்தக் குளிரு இல்ல. தீந்துபோச்சு போலன்னு இருந்துட்டேன்.” உலகம்மை பக்கம் திரும்பி, “அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?” என்று கேட்டாள். உலகம்மை ரசீது இருந்த பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். உப்பளக்காரரின் மகள் அன்னலட்சுமி அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் தூத்துக்குடியில் தோணி ஏறுகிறாள், அத்தியாயம் அதோடு முடிகிறது என்றாள். காலையிலிருந்து அழாமல் இருந்த பேச்சித்தாய் அப்போதுதான் அழுதாள்.

இப்போது மிச்சம் அறுநூற்றுத் தொண்ணூற்றொரு பக்கம். அதுவரை மற்றப் புத்தகங்களில் மிஞ்சிய அந்த அறுபது பக்கத்தைப் படித்துச் சமாளித்து, பகல் ஒரு மணிக்கு இதை ஆரம்பித்தால் மறுநாள் ஆறு மணிக்கு முன்னால் முடியும், இழுத்து நிறுத்திப் படித்தால் சரியாக வரும், ஒரு பக்கம்கூட வீணாகக் கூடாது என்று சுடலைமணி கணக்குச் சொன்னார். ஆளுக்குப் பத்துப் பக்கம் என்ற பழைய விதியே நடந்தது. தையல்கடைக்காரி படித்தாள், தபால்காரர் படித்தார், பாத்திரக்கடைக்காரர் ஒவ்வொரு வாக்கியத்தையும் கவிதைமாதிரி இரண்டு தடவை படித்து வசவு வாங்கினார். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் மாரடிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு கதை கேட்டார்கள், துட்டிக்குத் துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர்கள் மாலையைப் போட்டுவிட்டு, அன்னலட்சுமி இப்போ எங்கே இருக்கா என்று விசாரித்து உட்கார்ந்துகொண்டார்கள். ராத்திரியும் அரிக்கேன் வெளிச்சத்தில் விடாமல் நடந்தது. கொழும்பில் அன்னலட்சுமிக்குக் கடை வைத்துக் கொடுத்த மனுஷன் நல்லவனா கெட்டவனா என்று விடியற்காலையில் இரண்டு கட்சி உண்டாகி, பிணத்துக்கு முன்னால் சண்டை போடாதீர்கள் என்று பேச்சித்தாய் அதட்ட வேண்டியிருந்தது.

தவறு அங்கேதான் நடந்தது. புதன்கிழமை மத்தியானம் உலகம்மை ஒரு எட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினாள். அதற்குள் கதை ருசியில் ஊர் இழுத்து நிறுத்திப் படிப்பதையெல்லாம் மறந்து, அன்னலட்சுமி ஊர் திரும்புகிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் தடதடவென்று படித்துத் தள்ளி, மிச்சம் நாலே பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். அதுவும் சுடலைமணி புத்தகத்தைப் பிடுங்கி, அந்த நாலு பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு யாரையும் தொடவிடாமல் உட்கார்ந்திருந்ததால் மிஞ்சியது. ஆயுசு முழுக்கக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்த மனுஷன் அவர். “நான் பாக்கல தாயி, சத்தியமா பாக்கல” என்றார்.

செண்பகம் திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்துகொண்டிருந்தாள், ஆறு மணி ஆகும். இடையில் மூன்று மணி நேரம். உலகம்மைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அறிவிருக்கா ஒங்களுக்கு? ஒம்பது வருசமா படிங்க படிங்கன்னு பலகைல எழுதிப்போட்டேன், ஒருத்தன் எட்டிப் பாக்கல. இன்னைக்கு மெதுவாப் படிங்கன்னு சொன்னா இப்பிடியா?” என்று கத்தினாள். கூடத்தில் வெக்கை ஏற ஆரம்பித்தது, ஊதுபத்தி வாசனையையும் மீறி வேறொரு வாசனை வந்துவிடுமோ என்று எல்லோரும் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

சுடலைமணிதான் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். “இந்தப் புத்தகத்துலயெல்லாம் முன்னால ஒண்ணு எழுதியிருப்பாங்களே, முன்னுரை. அதை யாராச்சும் படிச்சீகளா? நான் எப்பயும் தள்ளிருவேன்.”

தையல்கடைக்காரி படிக்கவில்லை. தபால்காரர் படிக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் கவிதை நூலின் முன்னுரையை ஆரம்பித்துப் புரியாமல் விட்டுவிட்டாராம். கடைசியில் எல்லோரும் உலகம்மையைப் பார்த்தார்கள், அவள் தானும் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அண்ணாச்சியின் கால்மாட்டில் குவிந்துகிடந்த புத்தகங்களை அள்ளினார்கள். முன்னுரை இல்லாமல் நம்மூரில் புத்தகம் அச்சாவதில்லை, சிலதில் மூன்றுகூட இருந்தன, முன்னுரை, அணிந்துரை, என்னுரை, பதிப்புரை, எல்லாமே கை படாத குளிர். நாவலிலும் இருபது பக்கத்துக்கு ரோமன் எண் போட்ட ஆய்வுரை ஒன்று இருந்தது, முதல் பக்கத்திலிருந்து கதையை ஆரம்பித்த அண்ணாச்சியும் அதைத் தொட்டிருக்கவில்லை. மூன்று மணி நேரம் நாங்கள் நன்றி வாசித்தோம். முன்பின் தெரியாத ஊர்களில் இருந்த முன்பின் தெரியாத எழுத்தாளர்கள், தங்கள் மனைவிக்கும், பிழைதிருத்திய நண்பருக்கும், கைப்பிரதியைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடித்துக் கொடுத்த ஆட்டோக்காரருக்கும் சொன்ன நன்றிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் தவசிக்கனி அண்ணாச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து படித்தோம். சமையல் நூலை எழுதிய அம்மாள், தன் அப்பாவுக்குக் கடைசியாக வைத்துக்கொடுத்த ரசம்தான் அந்த ஒரு ரசம் என்று எழுதியிருந்தாள், அதற்குக் கூடம் நடுங்கிப்போய்விட்டது. அட்டைக்குப் பின்னாலிருந்த குறிப்புகளையும், அச்சகத்தின் முகவரியையும்கூடப் படித்தோம், முகவரியில் அவ்வளவாகக் குளிரில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. செண்பகம் பையைக்கூட எடுக்காமல் இறங்கி உள்ளே வந்தாள். வாசலிலிருந்து கூடம்வரை மனுஷர்கள் புத்தகமும் கையுமாக விலகி வழிவிட்டார்கள். அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தபடி நடந்துவந்து, பெஞ்சருகே நின்று, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்போதுதான் கழுவிவிட்டு வந்துபடுத்ததுபோல ஈரமாக இருந்தது. தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டாள், அந்தக் குளிர் அவளுக்கு எந்த நாளை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் யாரும் அவளை நேராகப் பார்க்கவில்லை.

பேச்சித்தாய் மகளின் கையைப் பிடித்து இழுத்துத் திரும்பவும் அந்த முகத்தின் மேல் வைத்தாள். “ஒங்கப்பா புத்தகம் படிச்சிருக்காக” என்றாள். “இருநூத்திப் பன்னெண்டு பக்கம். யாருக்கும் சொல்லாமப் படிச்சிருக்காக.”

செண்பகம் நம்பாமல் உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை ஐஸ் கம்பெனி ரசீதை எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கம் அண்ணாச்சி பென்சிலால் எதையோ எழுத ஆரம்பித்திருந்தார், அதை அதுவரை எங்களில் யாரும் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. ‘செண்பகத்துக்கு’ என்று இருந்தது, அதற்கடுத்து ஒன்றும் இல்லை. அவள் அதை வாய்க்குள் படித்தாள், பிறகு முந்தானையில்லாத சுடிதார்த் தோளைக் கைகளால் கட்டிக்கொண்டு ஒரு முறை நடுங்கினாள். அந்தக் குளிர் பக்கத்தில் நின்ற எங்களுக்கு வரவில்லை.

“எந்த எடத்துல நிறுத்துனாங்க?” என்று ரசீதை மடித்தபடி கேட்டாள்.

“அந்தப் பிள்ள அப்பாகிட்ட சொல்லாமத் தோணியில ஏறுற எடத்துல” என்றாள் பேச்சித்தாய். “அதுக்கு மேல அவுகளுக்கு ஓடல. மிச்சத்த ஊரு படிச்சுக் குடுத்துச்சு, ஒண்ணுவிடாமக் கேட்டுக்கிட்டுக் கெடந்தாக. கடைசி நாலு பக்கத்த ஒனக்கு வச்சிருக்கோம்.”

சுடலைமணி எழுந்து, நேற்றுவரை நூலகத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டிருந்த அந்தக் கையால், மூன்று மணி நேரம் பிடித்திருந்த பக்கங்களைப் பிரித்து நாவலை நீட்டினார். செண்பகம் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வாசித்தாள். வயதாகிப்போன அன்னலட்சுமி உப்பளத்து வீட்டின் பூட்டைத் திறந்து, விளக்குமாறு தேடி எடுத்து, முதலில் கூடத்தையும் பிறகு அப்பா படுக்கும் அறையையும் பெருக்குகிறாள், பெருக்கி முடித்து வாசலில் தண்ணீர் தெளிக்கிறாள், அவ்வளவுதான் கதை. அவசரமில்லாமல், ஒரு வரியையும் விழுங்காமல், நர்ஸுகள் மருந்துப் பெயர் படிக்கிற தெளிவோடு செண்பகம் படித்துக்கொண்டே போனாள், பொழுது ஜன்னல் சாக்கு வழியாகச் சிவந்துகொண்டு வந்தது, கடைசிப் பக்கத்தின் குளிர் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்வரை போய், அவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“முடிஞ்சதும்மா.”

பேச்சித்தாய் குனிந்து, புருஷனின் முகத்தில் இருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

“கேட்டீகளா, வந்துட்டா” என்று அவரிடம் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் திரும்பினாள். “சரி, தூக்குங்கய்யா.”